கடைசிக் கால் சுற்று

ஜூன் 4

அன்புள்ள சகலைக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். உன் நலம் எனக்கு நாள் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. உன் வீட்டுக்காரியும் என் வீட்டுக்காரியும் அக்கா தங்கையாகப் பிறந்துவிட்டார்கள். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை என்று மாத்திரை சாப்பிடுவதைப் போல போனில் பேசிக்கொள்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை நீ பல் பிடுங்கிக்கொண்டது, அப்போது டாக்டரின் விரலைக் கடித்தது வரை எனக்குத் தெரியும். என் கண்ணாடிப் பவர் ஏறியதும், நான் அந்தக் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடமாகப் பேசாமல் இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் உன் அண்ணி ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டு, நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசி முடித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோர்ட் விஷயமா சார்?" என்றாள். குடும்ப விஷயம் என்றேன். "அப்ப ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடுங்க" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேக்கரிக்காரரின் வேன் ரிப்பேருக்காகக் கடையில் நிற்கிறது. பதறாதே, பழைய வேன் இல்லை. இது அவருடைய இரண்டாவது வேன். பழைய வேனை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. நாம் இன்ஜின் மேலிருந்து ஹெட்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்த இரண்டாவது மாதம், ஹெட் போல்ட் இரண்டு அறுந்து, ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் ஊற்றிய காபி மாதிரி ஆகி நடுரோட்டில் நின்ற வண்டி. அவர் கடைக்கு வந்து கத்தியபோது, "இறுக்கினது என் சகலைங்க, அவன் கைதான் கோளாறு" என்று நான் சொன்னேன். நீ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். கையைத் துடைத்தாய், துணியை மடித்து வைத்தாய், போய்விட்டாய். மடித்தாயே, அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது வருடத்தில் ஒரு நாள்கூட நீ அந்தத் துணியை மடித்ததில்லை.

இந்த வேனிலும் ரேடியேட்டர் கொதித்து ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் எரிந்துவிட்டது. கழற்றிவிட்டேன். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி வாங்கியாகிவிட்டது. இனி மாட்டி இறுக்க வேண்டியதுதான் பாக்கி. இறுக்குவதற்குத்தான் ஆள் இல்லை. நம் கடையில் அந்த வேலை எப்போதும் உன்னுடையது. எனக்கு பிரேக், டீசல் பம்ப், அப்புறம் வாடிக்கையாளரிடம் வாய். நீ போன பிறகு ஹெட் வேலை வந்தால் முதுகுவலி என்று சொல்லி மூன்று தெரு தள்ளி அனுப்பிவிடுவேன். இந்தத் தெருவில் என்னைப் போல முதுகுவலிக்காரன் கிடையாது என்று பேர் வாங்கியாகிவிட்டது. பேக்கரிக்காரரிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகவில்லை. "நீங்களே பண்ணுங்க. உங்க சகலை கை படாம இருந்தா சரி" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது கழுத்தில் சுளுக்கிக்கொண்டது. நிஜமாகவே.

போனில் தேடிப் பார்த்தேன். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். அதில் ஒருத்தன் பின்னால் பாட்டு வேறு போட்டிருக்கிறான். நீ அளவுகளைக் குறித்துவைக்கும் நீல நோட்டில் இந்த இன்ஜினுக்கு எல்லாம் இருக்கிறது. எந்த போல்ட் முதலில், எத்தனை சுற்று, எவ்வளவு அழுத்தம் என்று எழுதி அனுப்பு. கோபம் இருந்தால் அதையும் எழுது, படிக்கிறேன். ஆனால் வரிசையைத் தப்பாக எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் மூத்த சகலை


ஜூன் 13

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரை நான் கடிக்கவில்லை. வாயை மூடினேன். அவர் விரல் உள்ளே இருந்தது.

நான் இப்போது மெக்கானிக் இல்லை. இந்த ஊரில் ஒரு உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்கள் நான் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க மெக்கானிக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். நீங்கள் கேட்டதால் மட்டும் எழுதுகிறேன்.

பழைய ஹெட் போல்ட்களைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை இறுக்கியதிலேயே அவை நீண்டு போயிருக்கும். புதுசு பத்து வாங்குங்கள். பிளாக்கில் போல்ட் இறங்கும் ஓட்டைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். போல்ட்டின் மரைக்கும் தலையின் அடிக்கும் இரண்டு சொட்டு ஆயில் போதும். நீங்கள் ஊற்றுவது போல ஊற்றக் கூடாது. கேஸ்கெட்டில் ஆயில், பசை எதுவும் படக் கூடாது.

வரிசையை அடுத்த தாளில் வரைந்திருக்கிறேன். நடு போல்ட்டில் ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் ஹெட் நடுவில் சரியாகப் படியாது. முதல் சுற்றில் பத்துக்கும் அழுத்தம் மூன்று கிலோ. இரண்டாவது சுற்றில் அதே வரிசையில் ஆறு கிலோ. அழுத்த அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்னும், அதோடு நிறுத்துங்கள். இன்னொரு 'டிக்' வேண்டாம்.

மூன்றாவது, கடைசிக் கால் சுற்று. இதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டாம், நீளமான இரும்புப் பார் போதும். அழுத்தத்தைப் பார்க்கக் கூடாது, கோணத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்று முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். வைக்கும்போது பத்துப் புள்ளியும் ரேடியேட்டரைப் பார்க்கும். கால் சுற்று முடிந்ததும் வலது சக்கரத்தைப் பார்க்கும். எது முடிந்தது, எது பாக்கி என்று புள்ளியே சொல்லிவிடும். இந்தக் கால் சுற்றை ஒரே ஆள் ஆரம்பித்து ஒரே ஆள் முடிக்க வேண்டும். நடுவில் டீக்கடைக்குப் போகக் கூடாது. உங்களைத்தான் சொல்கிறேன்.

பழைய வேனில் நான் எங்கே பிசகினேன் என்று தெரியவில்லை. புள்ளி வைத்தேன், வரிசையாகச் சுற்றினேன், முடித்துவிட்டு முதல் போல்ட்டில் மறுபடியும் பாரை மாட்டிக் கையால் தொட்டுப் பார்த்தேன், பிறகு சாப்பிடப் போனேன். இதைத் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். எந்த போல்ட்டில் அதிகமாகப் போனேன் என்று பிடிபடவில்லை. பிடிபடாத கையை நம்பி அடுத்தவன் வண்டியைத் தொடக் கூடாது. அதனால்தான் விட்டேன். நீங்கள் சொன்ன சொல்லுக்காக மட்டும் விடவில்லை.

இப்படிக்கு,
கவுண்டர் ஊழியர்


ஜூன் 22

அன்புள்ள தம்பி,

'மதிப்பிற்குரிய' என்று எழுதியிருந்தாய். எனக்குக் கடன் கொடுக்க மறுத்த வங்கி மேனேஜர்கூட என்னை அப்படி மரியாதையாகத் திட்டியதில்லை. அதை ஒரு பாரா கேலி செய்வதாகத்தான் இருந்தேன். இப்போது மனசில்லை.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். உன் கடிதத்தை ஒரு அட்டையில் ஒட்டி பானெட்டில் தொங்கவிட்டுக்கொண்டு செய்தேன். ஆயில் இரண்டு சொட்டு. மூன்றாவது தானாக விழுந்தது, துடைத்துவிட்டேன். மூன்று கிலோ முடிந்தது, ஆறு கிலோ முடிந்தது. வெள்ளைப் பெயிண்ட் எடுத்துப் பத்துப் புள்ளி வைத்தேன். பத்தும் ரேடியேட்டரைப் பார்த்தன. நீளப் பாரை எடுத்து நடு போல்ட்டைக் கால் சுற்று சுற்றினேன். புள்ளி வலது சக்கரத்தைப் பார்த்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பத்தும் முடித்து நிமிர்ந்து பார்த்தேன். பத்துப் புள்ளியும் வலது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

இதே காட்சியை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன் தம்பி.

பழைய வேன் வேலை நடந்த அந்த நாலு நாளும் நாம் பேசிக்கொள்ளவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுக்காரி வாங்கிய பச்சைத் திரைச்சீலையைப் பார்த்து உன் அண்ணி, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க, அது சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா தங்கை பேச்சு நின்றது. பொண்டாட்டி பேசாத வீட்டு ஆளோடு நான் மட்டும் எப்படிப் பேசுவது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், நீயும் மூடிக்கொண்டாய். ஒரே கடையில் ஒரே இன்ஜினின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு, பதினேழாம் நம்பர் ஸ்பானர் வேண்டுமென்றால் காற்றிடம் கேட்டோம். சேர்ந்து சாப்பிடுவதும் நின்றது. நீ பன்னிரண்டரைக்குப் போவாய். நீ திரும்பும்வரை நான் உள்ளே இருந்துவிட்டு, நீ வந்ததும் போவேன். ஐந்தாம் நாள் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் வேறு திரைச்சீலை வாங்கி வந்தார்கள். நமக்குத்தான் ஆறவில்லை.

அந்த நாலாம் நாள் நீ சாப்பிடப் போயிருந்தாய். நான் வந்து இன்ஜினைப் பார்த்தேன். பத்துப் புள்ளியும் ஒரே திசையில், வலது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு அணிவகுத்து நின்றன. பார் முதல் போல்ட்டின் மேலேயே மாட்டிக் கிடந்தது. புள்ளி வைத்துவிட்டு, கால் சுற்றை ஆரம்பிக்கப் போகும்போது பசி வந்து போய்விட்டான் என்று நினைத்தேன். உன் புள்ளி எங்கே பார்த்துத் தொடங்கும் என்று எனக்குத் தெரியாது. இருபது வருடத்தில் நான் கேட்டதும் இல்லை. அன்று நீ வரும்வரை காத்திருந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் முதலில் பேசியது ஆகிவிடுமே. அதனால் நானே பாரைப் பிடித்துப் பத்தையும் இன்னொரு கால் சுற்று சுற்றினேன். மிகவும் கஷ்டமாகத்தான் வந்தது. என் வயதுக்கு அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். முடித்தபோது பத்துப் புள்ளியும் டிரைவர் சீட்டைப் பார்த்தன. உனக்கு ஒரு உதவி செய்த திருப்தியில் போல்ட்களை மறைக்கும் மேல் மூடியையும் போட்டு நட்டை இறுக்கிவிட்டேன். நீ வந்து பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை பார் என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். முணுமுணுத்ததை எழுதக் கை கூசுகிறது.

போல்ட் அறுந்து வந்தபோது மூடியைத் திறந்தது நான்தான். மூடிக்குள் தெறிக்கும் சூட்டு ஆயிலில் புள்ளி எல்லாம் கழுவிப் போயிருந்தது. இருந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. கால் சுற்றின் மேல் இன்னொரு கால் சுற்று. போல்ட் என்ன செய்யும், இழுபட்டு இழுபட்டு இரண்டாம் மாதம் அறுந்தது. நானும் கை வைத்தேனே என்று அன்று எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் நீ பாதியில் விட்டுப் போனதை நான் முடித்தேன், முடித்தது சரி, முன்னால் நீ செய்ததுதான் தப்பு என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வசதியான தீர்ப்பு.

உன் கை எந்த போல்ட்டிலும் பிசகவில்லை. பத்தும் சரியாகத்தான் இருந்தன. கெடுத்தது நான்.

இன்னும் இரண்டு பக்கம் எழுதினேன், எல்லாம் சமாதானம். கிழித்துப் போட்டுவிட்டேன். கடைக்குத் திரும்பி வா. உன் ஸ்டூலில் இப்போது ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கிவிடுகிறேன்.

உன் அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள தம்பி,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை, ஆனாலும் தபால்காரரைத் தினமும் வாசலில் மறிக்கிறேன். அவர் இப்போது எதிர்ச் சாரியில் நடக்கிறார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேக்கரிக்காரர் வேனை எடுக்க வந்தார். ஓட்டிப் பார்த்தார், சூடு ஏறவில்லை, சந்தோஷமாக இறங்கினார். சாவியை அவர் கையில் கொடுக்கும் முன் பழைய வேன் கதையை முழுசாகச் சொன்னேன். திரைச்சீலையை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அது இல்லாமல் கதை நிற்கவில்லை, அதையும் சொன்னேன். அவர் வேனை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இந்த வண்டிய இறுக்கினது யாரு?"

"நான்தாங்க. என் சகலை எழுதிக் கொடுத்தபடி."

"மூணு வருஷமா அவரப் பத்தி நாலு பேருகிட்டயாவது சொல்லியிருப்பேனே. அவங்ககிட்ட இப்ப யாரு போய்ச் சொல்றது?"

நான் போகிறேன் என்றேன். யார் யார் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். லாரி வைத்திருப்பவரிடம் சொன்னேன். அவர், "அந்தத் தம்பி போனதுலேர்ந்து என் வண்டிக்கும் ஆள் இல்ல" என்று என் மேலேயே பாய்ந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரிடம் சொன்னேன். அவர் இதையே தன் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துவதாகச் சொன்னார், என் பேரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பழக்கடைக்காரருக்கு நீ யாரென்றே ஞாபகம் இல்லை, நான்தான் ஞாபகப்படுத்திவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். நாலாவது ஆள் சலூன்காரர். அவருக்குக் காது மந்தம். நான் சத்தம் போட்டுச் சொல்லச் சொல்ல, முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் வாசலில் போய்க்கொண்டிருந்தவர்களும் கேட்டு முடித்தார்கள். ஒரே சாயங்காலத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இப்போது நான் நடந்து போனால், "என்ன அண்ணே, இன்னொரு கால் சுத்தா?" என்கிறார்கள். சிரித்துக்கொண்டு போகிறேன். சொன்னால் நம்ப மாட்டாய், முதுகுவலி குறைந்திருக்கிறது.

உன் அண்ணியிடம் சொன்னதுதான் கஷ்டம். கேட்டுவிட்டு அவள் கத்தவில்லை. "மூணு வருஷமா என் தங்கச்சி, 'அவர் சரியாவே தூங்கறதில்லக்கா'ன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருக்கலாம்.

வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஜூன் 22 கடிதத்தைக் கவுண்டரில் நின்று படித்தேன். ஒருவர் ஃபேன் பெல்ட் கேட்டார், பல்பை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து திட்டினார்.

முதலில் கோபம்தான் வந்தது. உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். மூன்றையும் உங்கள் மச்சினி எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். பிற்காலத்தில் உபயோகப்படும் என்கிறாள்.

ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் அண்ணே. அதுதான் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கோபத்தோடு படுத்தவன், கடைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் வந்து உலுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் வழக்கம்போலப் பழைய வேனை மனதுக்குள் ஓட்டினேன். பத்தாவது போல்ட்டோடு அது நின்றுவிட்டது. அதற்கு மேல் தேட ஒன்றும் இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடித் தேடிப் போகுமே, அப்படி இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்தேன். பிறகு போகவில்லை.

என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தபோது மூடி போட்டிருந்ததைப் பார்த்தேன். "யாரு மூடினது? உள்ள எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முதலில் பேசினால் நான் தோற்றேன் என்று நினைத்து விழுங்கிவிட்டேன். கேட்டிருந்தால் அந்த நிமிடமே மூடியைத் திறந்து பத்தையும் மாற்றியிருப்போம். நீங்கள் தனியாகக் கெடுக்கவில்லை. எல்லாப் பெருமையையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாலு பேரிடம் போய்ச் சொன்னது உங்கள் மச்சினி மூலமாக முன்பே தெரியும். சலூன் விஷயத்தை அவள் மூன்று தடவை நடித்துக் காட்டினாள்.

கடைக்குத் திரும்பி வரச் சொல்லியிருந்தீர்கள். வரவில்லை அண்ணே. கோபத்தால் இல்லை. இங்கே வாடகை வீட்டை உங்கள் மச்சினி நம் வீடு மாதிரி ஆக்கிக்கொண்டாள், எனக்கும் இந்த ஊர் பழகிவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் இரண்டு பேரும் வந்து நாலு நாள் இருப்போம். அந்த நாலு நாளும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

இரண்டு மூன்று வாரம் முன்னால் இங்கே முதலாளியின் கார் கொதித்து நின்றது. கேஸ்கெட் போயிருந்தது. இரண்டு இடத்தில் காட்டினார், இரண்டு பேரும் அடுத்த மாதம் வா என்றார்கள். நான் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்கே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் பின்னால் வைத்துக் கழற்றினேன். மறு ஞாயிறு மாட்டினேன். கால் சுற்றுக்கு வந்தபோது முதல் போல்ட்டில் பாரை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு சுற்றினேன். மூன்றாவது போல்ட்டுக்குப் பிறகு கை தன் பாட்டுக்குப் போனது, நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பக்கத்தில் நின்று பத்தும் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அரை மணி ஓடியது, சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லவே இல்லியேப்பா. நீ மெக்கானிக்கா?" என்றார்.

ஆமாங்க என்றேன்.

உங்கள் தம்பி